வங்காளத்துக் கந்தா: பழம்புடவை புதுத்துணிக்கு வழிவிட்ட வரலாறு

வங்காளத்துக் கந்தா என்னும் தையற்போர்வையை ஆராய்ந்தவர்கள் அதன் சித்திரங்களையே அதிகம் பேசியிருக்கிறார்கள்: நடுவே விரிந்த தாமரை, நான்கு மூலைகளிலும் மரம், இடைவெளிகளில் யானை, பல்லக்கு, தேர். அந்தச் சித்திரங்களைத் தாங்கிய துணியைப் பின்தொடர்கிறது இக்கட்டுரை. நைந்த புடவையும் வேட்டியும் போர்வையாக மாறிய வீட்டு வேலை, புதுத்துணி வாங்கித் தைக்கும் தொழிலாக மாறியதே அதன் பொருள்.

பழைய துணிகளைத் துவைத்துத் தரையில் சுருக்கமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பார்கள். விரிப்புக்குச் சில அடுக்குகள் போதும். குளிர்காலத்து ‘லேப்’ கந்தாவுக்குக் கூடுதலாக வேண்டும். விளிம்பை மடித்துத் தைத்து, அடுக்குகள் நகராதபடி நீளவாக்கில் பெரிய தையல்கள் ஓட்டிய பிறகே நுண்தையல் தொடங்கும். அடிப்படை ஓட்டுத்தையல்தான். ஊசி அத்தனை அடுக்குகளையும் ஊடுருவ வேண்டும். பலமுறை துவைத்துத் தளர்ந்த பருத்தியில் அது சிரமமின்றி இறங்கும். தையலின் இழுப்பில் பரப்பு முழுவதும் நீரலைபோல் மெல்லச் சுருங்கும். எனவே பழந்துணியைச் சிக்கனத்தின் அடையாளமாக மட்டும் காண்பது போதாது. இந்தக் கலையின் தொழில்நுட்பமே அதில்தான் இருந்தது. நூலும் புடவைக் கரையிலிருந்து உருவியதே. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கந்தாக்களில் சிவப்பும் நீலமும் கறுப்பும் மேலோங்கி நிற்பது, அன்றைய வெள்ளைப் புடவைகளின் கரை நிறங்களை நமக்குக் காட்டுகிறது.

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் போர்த்துகீசியர் வங்காளத்தின் சாத்காவ், ஹூக்ளி பகுதியிலிருந்து ‘கோல்சா’ என்னும் தையல் விரிப்புகளை வாங்கிச் சென்றார்கள். பருத்தித் துணியில் காட்டுப்பட்டு நூலால் வேட்டைக் காட்சிகளும் விவிலியக் கதைகளும் தைக்கப்பட்டவை அவை. கந்தாவின் முன்னோடி என்று இவற்றைச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோல்சா வணிகர் கேட்டபடி புதுத்துணியில் செய்த சரக்கு. கந்தா வீட்டுப் பெண்கள் தங்கள் பழந்துணியில் தைத்தது. உருவங்களில் ஒற்றுமை தெரியலாம். உழைப்பின் வழி வேறு.

கந்தாவின் தொன்மையை அளப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்தவை. ஏற்கெனவே நைந்த துணியில் செய்த போர்வை, அன்றாடம் விரித்துப் போர்த்தித் துவைத்தால் எத்தனை காலம் தாங்கும்? பெட்டியில் பூட்டி வைத்தவையே பிழைத்தன: திருமணத்துக்குத் தந்தவை, புத்தகம் பொதிய வைத்த ‘பேட்டன்’, கண்ணாடியும் சீப்பும் சுற்றிய ‘ஆர்ஷிலதா’. குழந்தையின் அடியில் விரித்த கந்தாக்கள் கந்தலாகவே மறைந்துபோயின. நாம் வரலாறு என்று படிப்பது குறைவாகப் பயன்பட்ட கந்தாக்களின் வரலாறு.

சேகரிப்பாளர்களின் தேர்வு இந்த வரம்பை இன்னும் இறுக்கியது. அரசு அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882–1941) கிராமம் கிராமமாகத் திரட்டியவை இன்று கொல்கத்தாவின் ஜோகாவிலுள்ள அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் மானதாசுந்தரி தாசி தன் தந்தைக்காகத் தைத்த கந்தா அரியது. தைத்தவர்களில் பெரும்பாலோரின் பெயரே எஞ்சாத ஒரு மரபில், அவர் தன் பெயரை நூலால் எழுதிவைத்தார். கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-இல் கந்தாவைப் பற்றிக் கட்டுரை எழுதினார்; அவருடைய தொகுப்பு பின்னர் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தை அடைந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1929-இல், கவிஞர் ஜசீமுத்தீனின் ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைக்கவிதை கிராமத்துப் பெண்ணின் கந்தாவை வங்க இலக்கியத்தில் நிலைநிறுத்தியிருந்தது. சித்திரம் நிறைந்த கந்தாவே கந்தா என்ற எண்ணம் இவற்றால் வேரூன்றியது.

1971 விடுதலைப் போருக்குப் பின் வங்கதேசத்தில் ஆதரவற்ற பெண்களுக்கு வருவாய் தேட வேண்டியிருந்தபோது கைக்கு வந்த மாதிரி இந்தச் சித்திரக் கந்தாதான். பிராக் என்னும் தொண்டு அமைப்பு 1978-இல் தொடங்கிய ஆரோங் கடைகள் கிராமத்துத் தையலை நகரத்துக்குக் கொண்டுவந்தன. ஓவியர் சுரையா ரஹ்மான் வரைந்த காட்சிகளைப் பெண்கள் பட்டுத்துணியில் தைத்தார்கள். வடிவம் ஒருவருடையது, ஊசி மற்றவருடையது என்ற பிரிவினை இங்கே உறுதிப்பட்டது. விற்பனைக்கு ஒரே அளவும் ஒரே தரமும் வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நைந்திருக்கும் பழம்புடவை அதைத் தராது. ஒற்றை அடுக்குப் புதுப்பட்டில் தைத்த சேலையும் துப்பட்டாவும் ‘கந்தா வேலை’ ஆயின. போர்வை போய், தையல் மட்டும் அந்தப் பெயரைச் சுமந்தது. இதைச் சீரழிவு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. முன்பு கூலியே இல்லாத உழைப்புக்கு இதனால்தான் கூலி வந்தது. ஆனால் மாற்றத்தை மாற்றமாகவே பதிவு செய்ய வேண்டும். தொடர்ச்சி என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது.

பழந்துணி முற்றிலும் விலகவும் இல்லை. இந்திய–வங்கதேச எல்லையின் இருபுறத்துக் கிராமங்களிலும் பெண்கள் இன்றும் வீட்டுக்காகக் கந்தா தைக்கிறார்கள். செயற்கை இழைப் புடவை பருத்திபோல் நைவதில்லை. அதனால் அடுக்கின் தன்மையும் தையலின் இடைவெளியும் மாறிவருகின்றன. இன்னொரு பக்கம், வெளிநாட்டுச் சந்தைக்காக வியாபாரிகள் பழம்புடவைகளைத் திரட்டி, நீண்ட தையலில் விரைவாகப் போர்வைகள் தைப்பிக்கிறார்கள். அங்கே துணியின் பழமையே விலை பெறுகிறது. இந்த இரண்டு வகைகளையும் அருங்காட்சியகங்கள் இப்போதே சேகரிக்கத் தொடங்க வேண்டும். எந்தப் புடவை, யாருடையது, எத்தனை அடுக்கு, யார் தைத்தது என்னும் விவரங்களைத் தைத்தவரிடமே கேட்டு எழுதிவைக்க இன்று வாய்ப்பிருக்கிறது.