டி.என்.ஏ.வை வளைத்த பிளாட்டினம்

சோதனைகளில் மின்முனைக்குப் பிளாட்டினத்தைத் தேடிப் பிடிப்பதற்குக் காரணம், அது எதனோடும் எளிதில் சேராது என்ற நம்பிக்கைதான். 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க்கும் அப்படித்தான் நம்பினார். பிரியும் செல்லுக்குள் தெரியும் இழைகள், காந்தத்தைச் சுற்றி நிற்கும் இரும்புத்தூள் போல அவருக்குத் தோன்றின. அப்படியானால் மின்புலம் செல் பிரிவதை மாற்றுமோ? ஈ.கோலை பாக்டீரியாவில் மின்சாரம் செலுத்திப் பார்த்தார். பாக்டீரியா பிரிவதை நிறுத்தியது. ஆனால் சாகவில்லை! வழக்கத்தைவிட 300 மடங்கு வரை நூல் போல நீண்டது.

மின்சாரத்தின் விளைவு என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவருடைய குழு ஒவ்வொரு காரணமாகக் கழித்துக்கொண்டே வந்தது. கடைசியில் மாட்டியது அந்த 'எதனோடும் சேராத' பிளாட்டினமே. மின்முனையிலிருந்து கொஞ்சம் கரைந்து, ஊடகத்திலிருந்த அம்மோனியத்தோடும் குளோரைடோடும் சேர்ந்திருந்தது. 1965இல் நேச்சர் இதழில் இது வெளியானது. செயல்பட்ட சேர்மம் சிஸ்பிளாட்டின் என்பது பிறகு உறுதியானது. இத்தாலியரான மிக்கேல் பெய்ரோன் 1840களிலேயே தயாரித்த பழைய பொருள்தான் அது!

செல் பிரிவதைத் தடுக்கிறது என்றால் புற்றுநோயை? எலிகளில் கட்டிகள் கரைந்ததை 1969இல் அறிவித்தார்கள். மனிதர்களுக்குக் கொடுத்தபோது சிறுநீரகம் கெட்டது, வாந்தி தாங்க முடியவில்லை. மருந்தோடு நிறைய உப்புநீரையும் ஏற்றிய பிறகுதான் சிறுநீரகத்தை ஓரளவு காப்பாற்ற முடிந்தது. 1974இல் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் இதை வேறு இரு மருந்துகளோடு சேர்த்து, பரவிய விரைப் புற்றுநோய்க்குக் கொடுக்கத் தொடங்கினார். அதுவரை பெரும்பாலும் இளைஞர்களைக் கொன்ற நோய், பெரும்பாலோருக்குக் குணமாகும் நோயாக மாறியது. 1978இல் அமெரிக்க அரசு அனுமதியும் கிடைத்தது.

வேதியியல்தான் இதில் அழகு. இரத்தத்தில் குளோரைடு அதிகம் என்பதால் மருந்து பெரும்பாலும் கலையாமல் போகிறது. செல்லுக்குள் குளோரைடு குறைவு. அங்கே குளோரின் கழன்று, நீர் மூலக்கூறு அந்த இடத்துக்கு வருகிறது. அந்த நீரையும் தள்ளிவிட்டு, பிளாட்டினம் குவானினின் 7ஆம் எண் நைட்ரஜனைப் பற்றிக்கொள்கிறது. பிறகு மற்றொரு கையால் பக்கத்துக் குவானினையும் பிடிக்கிறது. மக்னீசியம் அயனிகளும் டி.என்.ஏ.வைச் சுற்றி இருப்பவைதான்; ஆனால் அவை வந்து வந்து போகும். பிளாட்டினம் லேசில் விடாது. இந்தப் பிடியில் டி.என்.ஏ. ஏணியே வளைந்துவிடுவதை ஸ்டீபன் லிப்பார்ட் குழு 1995இல் படிக அமைப்பாகவே காட்டியது. வளைந்ததைச் சரிசெய்ய முடியாத செல் தன்னையே அழித்துக்கொள்கிறது.

இதே அணுக்களைக் கொண்ட டிரான்ஸ்பிளாட்டினில் இரண்டு குளோரின்களும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும். அதனால் பக்கத்துப் பக்கத்துக் குவானின்களைச் சேர்த்துப் பிடிக்க அதற்குக் கை எட்டாது. மருந்தாகவும் அது பயன்படவில்லை.