சில்லு அரிப்பு இயந்திரங்களின் தகுதிச் சோதனை

குறைகடத்திச் சில்லு செய்யும் ஆலை, தான் வாங்க நினைக்கும் இயந்திரத்தைத் தன் கூரையின்கீழ் நிறுத்தி, தன் வேஃபர்களையே (சில்லுகள் உருவாகும் சிலிக்கான் வட்டத்தகடுகளையே) கொடுத்து, மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து ஏற்கவோ திருப்பி அனுப்பவோ முடிவெடுக்கும் நடைமுறைக்குத் தகுதிச் சோதனை என்று பெயர். ஆலைகளில் வேலை செய்பவர்கள் சுருக்கமாகக் ‘குவால்’ என்பார்கள். சில்லுத் தொழிலின் எல்லா இயந்திரங்களுக்கும் இந்தச் சோதனை உண்டு. ஆனால் பிளாஸ்மா அரிப்பு இயந்திரங்களில் அது மிகக் கடுமையானது. ஷாங்காய் நகரில் அரிப்பு இயந்திரம் செய்யும் ஏமெக் நிறுவனம் இந்தச் சோதனையைக் கடந்து உலகின் முன்னணி ஆலைக்குள் நுழைந்த வரலாறு, புதிதாகச் சில்லுத் தொழிலில் இறங்கும் எந்த நாட்டுக்கும், குறிப்பாக இந்தியாவுக்கு, நெருக்கமான பாடம்.

அரிப்பும் அதன் அபாயமும்

சில்லின் கோடுகளும் குழிகளும் இரண்டு படிகளில் உருவாகின்றன. முதலில் ஒளியால் வேஃபர்மேல் வடிவம் அச்சிடப்படுகிறது. பிறகு அந்த வடிவம் மூடாத இடங்களை வாயு அரித்தெடுக்கிறது. 1970கள் வரை இந்த அரிப்பு பெரும்பாலும் அமிலத் தொட்டிகளில் நடந்தது. அமிலம் கீழே அரிக்கும் அளவுக்குப் பக்கவாட்டிலும் அரிக்கும். கோடுகள் மெலிய மெலிய அது உதவாமல் போயிற்று. வெற்றிட அறையில் வாயுவை மின்புலத்தால் பிளாஸ்மாவாக்கி அரிக்கும் முறை அதன் இடத்துக்கு வந்தது. 1979இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் கோபர்ன், வின்டர்ஸ் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அரிக்கும் வாயுவை மட்டும் சிலிக்கான்மேல் விட்டால் அரிப்பு மெதுவாக நடந்தது. ஆர்கான் அயனிகளை மட்டும் மோதவிட்டாலும் மெதுவாகவே நடந்தது. இரண்டையும் சேர்த்து விட்டபோது, தனித்தனி வேகங்களைக் கூட்டினால் வருவதைவிடப் பல மடங்கு வேகம் வந்தது. அயனிகள் நேர்க்குத்தாக விழுவதால் குழியும் நேர்க்குத்தாக இறங்குகிறது. இன்றைய அரிப்பு இயந்திரங்கள் இந்த உண்மையின்மேல் நிற்பவை.

1980இல் டேவிட் லாம் அமெரிக்காவில் லாம் ரிசர்ச்சைத் தொடங்கினார். அப்ளைட் மெட்டீரியல்ஸ், ஜப்பானின் டோக்கியோ எலக்ட்ரான் ஆகியவையும் இத்துறையில் வேரூன்றின. உலகச் சந்தையின் பெரும்பகுதி இந்த மூன்றின் கைக்கு வந்தது.

ஏன் ஆலைகள் புது இயந்திரத்தை எளிதில் நம்புவதில்லை? அச்சிடும் படியில் தவறு நேர்ந்தால் ஒளிப்பூச்சைக் கழுவிவிட்டு மறுபடி அச்சிடலாம். அரித்துவிட்டால் அரித்ததுதான். கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாலராமபுரத்தில் தறியில் இழை அறுந்தால் நெசவாளர் முடிச்சுப் போட்டு மேலே நெய்துகொண்டு போகிறார். வேஃபரில் அதற்கு வழியில்லை. 300 மில்லிமீட்டர் வேஃபர் ஒன்றில் நூற்றுக்கணக்கான சில்லுகள் இருக்கும். அரிப்பு அறைக்கு வரும் வேளையில் அது பல வாரங்கள் ஆலையைச் சுற்றி வந்து, நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்திருக்கக்கூடும். ஒரு நிமிட அரிப்பு பிழைத்தால் அத்தனை வார உழைப்பும் குப்பை. விலை குறைவு என்பதற்காக இந்த ஆபத்தை எந்த ஆலை மேலாளரும் ஏற்கமாட்டார்.

சோதனை நடக்கும் விதம்

ஆலை முதலில் தன் வேஃபர்களை இயந்திரம் செய்பவரின் ஆய்வகத்துக்கு அனுப்பி அரித்துத் தரச் சொல்லும். வந்த வேஃபரை வெட்டி, குறுக்குமுகத்தை மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கும். குழியின் சுவர் நேராக இருக்கிறதா, அடித்தளம் தட்டையா, அரிக்கக் கூடாத அடுக்கு எவ்வளவு தேய்ந்தது, வேஃபரின் நடுவிலும் விளிம்பிலும் ஆழம் ஒன்றா என்று அளக்கும். இந்த ஆய்வகக் கட்டம் பலருக்கும் கைகூடிவிடும்.

கடினமானது அடுத்த கட்டம். இயந்திரம் ஆலைக்கே வந்து நிறுவப்படும். வெறும் வேஃபரை உள்ளே விட்டு எடுத்து, எத்தனை தூசித் துகள் கூடியது என்று எண்ணுவார்கள். அறைச் சுவரிலிருந்து உதிரும் ஒரு துகள் ஒரு சில்லைக் கொன்றுவிடும். பிறகு தொடரோட்டம்: ஆயிரக்கணக்கான வேஃபர்களை இடைவிடாமல் ஓட்டி, முதல் வேஃபரும் கடைசி வேஃபரும் ஒரே மாதிரி வருகின்றனவா என்று பார்ப்பார்கள். அறையைத் திறந்து சுத்தம் செய்ததும் முதலில் வரும் சில வேஃபர்கள் மாறுபடும். சுவர் மறுபடி ‘பழக’ வேண்டும். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திறக்க வேண்டியிருக்கிறது, எத்தனை மணி நேரம் பழுதில்லாமல் ஓடுகிறது என்ற கணக்குகளை சில்லுத் தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பான செமியின் பொது வரையறைகளின்படி எழுதி வைப்பார்கள். ஒரே மாதிரி செய்த பத்து அறைகளும் ஒன்றுபோல அரிக்க வேண்டும் என்பதுதான் பொறியாளர்களை அதிகம் அலைக்கழிக்கும் நிபந்தனை.

இறுதியில் ஒரே தொகுதி வேஃபர்களை இரண்டாகப் பிரிப்பார்கள். பாதி பழைய இயந்திரத்தில், பாதி புதியதில். எல்லாப் படிகளும் முடிந்து சில்லாக வெளிவந்தபின் மின்சோதனையில் இரண்டு பாதிகளின் விளைச்சலையும் ஒப்பிடுவார்கள். புதியது பழையதற்குச் சமமாகவாவது நின்றால்தான் உற்பத்தி அனுமதி. அந்த அனுமதியும் குறிப்பிட்ட ஓர் அடுக்குக்கு, குறிப்பிட்ட ஓர் அரிப்புச் செய்முறைக்கு (ரெசிபி) மட்டும். ஒரு நிறுவனத்தின் இயந்திரம் ‘5 நானோமீட்டரில் தேறியது’ என்று செய்தி படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. ஒரு சில்லில் அரிப்புப் படிகள் மட்டுமே ஏராளம். தேறியது அவற்றில் சிலவற்றுக்கு. மொத்தச் சோதனை ஓராண்டுக்கு மேல் இழுப்பது வழக்கம். அதுவரை இயந்திரம் செய்தவருக்குப் பணம் வராமலும் இருக்கலாம்.

ஷாங்காயின் ஏமெக்

ஏமெக் நிறுவனத்தை 2004இல் தொடங்கியவர் ஜெரால்ட் யின். 1944இல் பெய்ஜிங்கில் பிறந்து, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் முனைவர் பட்டம் பெற்று, இன்டெல், லாம் ரிசர்ச், அப்ளைட் மெட்டீரியல்ஸ் என மூன்று இடங்களிலும் வேலை பார்த்தவர். மற்றவர்கள் ஓய்வுபெறும் 60 வயதில், சுமார் 15 பொறியாளர்களுடன் ஷாங்காய்க்குத் திரும்பினார். கருவியின் வேலையும் வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பும் இவர்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி. ஏமெக்கின் வேகத்தை வெறும் அரசுப் பணத்தால் விளக்குவோர் இந்தப் பழக்கத்தின் மதிப்பைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2007இல் முதல் இயந்திரமான பிரைமோ டி-ஆர்ஐஇ வெளிவந்தது. ஓர் அறைக்குள் இரண்டு வேஃபர்களை அரிக்கும் இரட்டை நிலைய அமைப்பு அதன் தனித்தன்மை. அதே பரப்பில் அதிக வேஃபர்கள், அதனால் குறைந்த செலவு. ஆனால் இரண்டு நிலையங்களும் ஒத்துப்போக வேண்டும் என்ற சுமையும் கூடவே வந்தது.

இயந்திரம் வெளிவந்த கையோடு வழக்குகளும் வந்தன. 2007 அக்டோபரில் அப்ளைட் மெட்டீரியல்ஸ் தொழில் ரகசியம் குறித்து கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. அது 2010 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. 2009இல் லாம் ரிசர்ச் தைவானில் காப்புரிமை வழக்குப் போட்டது. அதே ஆண்டு அங்குள்ள அறிவுசார் சொத்து நீதிமன்றம் ஏமெக் பக்கம் தீர்ப்பளித்தது. லாம் ரிசர்ச்சின் வழக்கு எங்கே தொடுக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்: வாடிக்கையாளர் இருந்த ஊரில். வழக்கில் சிக்கிய இயந்திரத்தைத் தன் உற்பத்தி வரிசையில் வைக்க எந்த ஆலையும் தயங்கும். ஆகவே நீதிமன்றத் தீர்ப்பும் தகுதிச் சோதனையின் ஓர் அங்கமாகிவிட்டது.

தைவானின் டிஎஸ்எம்சி ஆலைகளில் ஏமெக் இயந்திரங்கள் படிப்படியாக ஏறின: 28 நானோமீட்டர் தலைமுறை, பிறகு 7 நானோமீட்டர். 2018 டிசம்பரில் 5 நானோமீட்டர் இயந்திரம் டிஎஸ்எம்சியின் சோதனையில் தேறியதாகச் செய்தி வந்தது. அதே ஆண்டு வெளிவந்த நானோவா என்ற இயந்திரம், மின்காப்பு அடுக்குகளோடு நிற்காமல் சிலிக்கானையும் உலோகத்தையும் அரிக்கும் துறையிலும் நிறுவனத்தை முன்னேற்றியது. 2019 ஜூலை 22 அன்று ஷாங்காய் பங்குச்சந்தையின் ஸ்டார் பிரிவு திறந்தபோது, முதல் நாளில் பட்டியலான 25 நிறுவனங்களில் ஏமெக்கும் ஒன்று.

இதற்கிடையே, 2015 பிப்ரவரியில், அமெரிக்க வணிகத் துறை ஒரு முடிவை எடுத்தது. பிளாஸ்மா அரிப்பு இயந்திரங்களைச் சீனாவுக்கு அனுப்புவதில் நீண்டகாலமாக இருந்த தேசப் பாதுகாப்புக் கட்டுப்பாட்டை அது விலக்கிக்கொண்டது. ஒப்பான தரத்தில், போதிய எண்ணிக்கையில் அத்தகைய இயந்திரம் சீனாவிலேயே கிடைக்கிறது என்பதுதான் சொன்ன காரணம். அப்படிச் செய்துகொண்டிருந்த நிறுவனம் ஏமெக். கட்டுப்பாட்டை நீக்கும்படி கேட்டது அமெரிக்க இயந்திர நிறுவனங்களின் தரப்பில் பேசிய செமி அமைப்பு. ஒரு சிறு நிறுவனம் வாடிக்கையாளரின் தளத்தில் பெற்ற மதிப்பெண், வல்லரசின் ஏற்றுமதிப் பட்டியலையே திருத்தியது. இந்த வரலாற்றின் மையம் இதுவே.

2022 அக்டோபர் 7 அன்று அமெரிக்கா மீண்டும், முன்னைவிடக் கடுமையாக, கட்டுப்பாடுகளை விதித்தது. அதன் விளைவு தகுதிச் சோதனையின் போக்கையே மாற்றியது. அதுவரை சீன ஆலைகள்கூட வெளிநாட்டு இயந்திரத்தையே விரும்பின; உள்நாட்டு இயந்திரத்தைச் சோதிக்க நேரமும் வேஃபரும் ஒதுக்குவது அவற்றுக்குச் சுமை. வெளியிலிருந்து வருவது நின்றுவிடும் என்ற நிலையில், எஸ்எம்ஐசி, வூஹானின் ஒய்எம்டிசி போன்ற சீன ஆலைகள் ஏமெக்குக்கும் பெய்ஜிங்கின் இயந்திர நிறுவனமான நௌராவுக்கும் கதவைத் திறந்தன. ஏமெக்கின் வருவாய் 2023இல் சுமார் 626 கோடி யுவான்; 2024இல் சுமார் 906 கோடி யுவான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2024 ஜனவரியில் ஏமெக்கைச் சீன ராணுவத் தொடர்புடைய நிறுவனங்களின் பட்டியலில் சேர்த்தது. நிறுவனம் வழக்குத் தொடுத்தது. டிசம்பரில் பெயர் நீக்கப்பட்டது. மறுபுறம், டிஎஸ்எம்சி தன் 2 நானோமீட்டர் வரிசையில் சீன இயந்திரங்களைத் தவிர்ப்பதாக 2025 ஆகஸ்டில் செய்திகள் வெளியாயின. தரத்தில் தேறிய இயந்திரமும் அரசியலால் வெளியேற நேரிடும்.

தும்பாவும் மொகாலியும்

களியக்காவிளையைத் தாண்டி, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய தமிழ் ஊர்களுக்கு இந்தத் தொழில் அன்னியமாகத் தோன்றலாம். ஆனால் திருவனந்தபுரம் மாவட்டத்தின் தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் வடிவமைத்த நுண்செயலிகள்தான் இந்திய ராக்கெட்டுகளை வழிநடத்துகின்றன. 16 பிட் விக்ரம் 1601 செயலி 2009 முதல் ஏவுகலங்களில் பயன்படுகிறது. அதன் வழிவந்த 32 பிட் விக்ரம் 3201, 2024 டிசம்பர் 30 அன்று சென்ற பிஎஸ்எல்வி-சி60 பயணத்தில் விண்ணில் சோதிக்கப்பட்டு, 2025 மார்ச் 5 அன்று முறையாக ஒப்படைக்கப்பட்டது.

இவை உருவானது பஞ்சாபின் மொகாலியில், குறைகடத்தி ஆய்வகத்தில். 1984இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை 1989 பிப்ரவரியில் தீயில் எரிந்தது. மீண்டு எழப் பல ஆண்டுகள் ஆயின. இந்தியா இழந்த காலம் சீனா ஓடிக் கடந்த காலம். பின்னர் 200 மில்லிமீட்டர் வேஃபரில் 180 நானோமீட்டர் வரிசை அங்கே நிறுவப்பட்டது. 2023இல் ஆலை மின்னணுத் தொழில்நுட்ப அமைச்சகத்திடம் வந்தது.

தும்பாவின் பொறியாளர்களுக்குத் தகுதிச் சோதனையின் கண்டிப்பு நன்றாகத் தெரியும். ராக்கெட்டில் ஏறும் சில்லு அதிர்வையும் வெப்ப மாற்றத்தையும் தாங்க வேண்டும். அது பிறந்த ஆலையில் ஓர் அரிப்பு இயந்திரம் மாறினாலும், அதில் வரும் சில்லு பழையதற்கு நிகர் என்று மறுபடி நிரூபிக்க வேண்டும். விண்வெளித் துறையில் ‘பறந்து காட்டியது’ என்ற சொல்லுக்கு உள்ள மதிப்பு, சில்லு ஆலையில் ‘உற்பத்தியில் ஓடியது’ என்ற சொல்லுக்கு உண்டு.

குஜராத்தின் தொலேராவில் டாடா எலக்ட்ரானிக்ஸ், தைவானின் பிஎஸ்எம்சியுடன் சேர்ந்து ₹91,000 கோடியில் அமைக்கும் ஆலைக்கு 2024 மார்ச் 13 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. மாதம் 50,000 வேஃபர் என்பது திட்டம். லாம் ரிசர்ச் பெங்களூரில் ஆய்வகம் நடத்துகிறது. அதன் இயந்திரங்களை வடிவமைப்பதில் இந்தியப் பொறியாளர்களின் கை இருக்கிறது. அதாவது, 2004இல் யின்னுடன் திரும்பிய பதினைந்து பேரைப் போன்றவர்கள் இன்று பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதது, தோற்றாலும் பரவாயில்லை என்று முதல் இயந்திரத்துக்கு இடம் கொடுக்கும் ஆலை.

வணிக ஆலையான தொலேராவிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமல்ல. அது முதலில் தன் விளைச்சலைக் காட்டியாக வேண்டும். அரசின் கையிலிருக்கும் மொகாலியிடம் கேட்கலாம். அந்த ஆலையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு திட்டத்திலும், உள்நாட்டில் செய்த அரிப்பு இயந்திரம் ஒன்றை நிறுத்த சுத்த அறையில் ஓர் இடமும், அதற்கென்று மாதந்தோறும் சோதனை வேஃபர்களும், பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்ட முடிவை உள்ளபடி எழுதித் தரும் பொறியாளர் குழுவும் ஒதுக்கப்பட வேண்டும்.