அசல் அச்சோவியங்கள்: தனியார் சேகரிப்புக்குத் தேர்ந்தெடுத்தல்

மரக்கட்டை, செம்புத் தகடு, சுண்ணாம்புக்கல், பட்டுத்திரை போன்ற ஒரு பரப்பில் ஓவியர் தாமே உருவத்தை ஆக்கி, அதன்மீது மை ஏற்றித் தாளில் எடுக்கும் படைப்பு அச்சோவியம். ஒரே தகட்டிலிருந்து ஐம்பது தாள் எடுத்தால் ஐம்பதும் அசல். ஏற்கெனவே தீட்டிய ஓவியத்தை ஒளிப்படமாக்கி அச்சிட்டால், எத்தனை நேர்த்தியாக வந்தாலும் அது நகல். ராஜா ரவி வர்மா 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமி, சரஸ்வதி படங்களை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய ஓவியங்களைப் பார்த்து அச்சகத்தின் கைவினைஞர்கள் கல்லில் வரைந்து, வண்ணத்துக்கு ஒரு கல்லாக அச்சிட்டவை அவை. பழம்பொருளாக அவற்றுக்கு நல்ல விலை உண்டு. ஆனால் ரவி வர்மாவே ஆக்கிய அச்சோவியம் என்று சொல்லி ஒருவர் விற்றால் வாங்குபவர் நம்பக்கூடாது.

எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. 1960இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுக் கலைஞர் மாநாடு, தகட்டைக் கலைஞரே ஆக்கியிருக்க வேண்டும், தாளில் கையெழுத்தும் பதிப்பு எண்ணும் வேண்டும் என்று விதி வகுத்தது. ஏழே ஆண்டுகளில், 1967இல், ஆண்டி வார்ஹால் ஒரு திரைப்பட விளம்பரப் புகைப்படத்தைப் பட்டுத்திரைக்கு மாற்றி மர்லின் மன்றோ தொடரை வெளியிட்டார். இன்று அதை அசல் அல்ல என்று சொல்பவர் இல்லை. அச்சு வடிவத்துக்காகவே ஒரு படைப்பு உருவானதா என்று கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் சோதனை. கணினியில் வரைந்து மைத்தெளிப்பு இயந்திரத்தில் எடுத்த படைப்பும் இச்சோதனையில் தேறும். கேன்வாஸ் ஓவியத்தை ஸ்கேன் செய்து ‘ஜிக்ளே’ என்ற பிரெஞ்சுப் பெயரில் விற்பது தேறாது.

எண்ணும் கையெழுத்தும்

தாளின் அடியில் பென்சிலில் 12/75 என்றிருந்தால், மொத்தம் எழுபத்தைந்து பிரதிகள், இது பன்னிரண்டாவது என்று பொருள். முதலில் எண்ணிட்டது முதலில் அச்சானதாக இருக்க வேண்டியதில்லை. காய்ந்த தாள்களை அடுக்கிவைத்துப் பிறகுதான் பெரும்பாலும் எண்ணிடுகிறார்கள். எனவே 3/75க்கு 70/75ஐவிடக் கூடுதல் விலை கேட்பது வணிகரின் சாமர்த்தியம். பதிப்புக்கு வெளியே கலைஞர் தமக்கென வைத்துக்கொள்ளும் பிரதிகளில் ஏ.பி. என்று எழுதுவார்கள்.

கையெழுத்தின் மீதுள்ள மோகம் இன்னும் ஆபத்தானது. ரெம்பிராண்டும் கோயாவும் தங்கள் தாள்களில் பென்சில் கையெழுத்து இட்டதில்லை. அந்த வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. சால்வதோர் தாலி தம் கடைசிக் காலத்தில் வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டுக் கொடுத்தது ஊரறிந்த செய்தி. அதனால் தாலியின் பிற்காலக் கல்லச்சுகளைத் தேர்ந்த வணிகர்களே தொடத் தயங்குகிறார்கள். ஷகாலின் ஓவியங்களைப் பார்த்து ஷார்ல் சோர்லியே என்ற கல்லச்சுக் கைவினைஞர் கல்லில் வரைந்த படங்களிலும் ஷகாலின் கையெழுத்து உண்டு. மறுபக்கம், பாரிஸின் மேக் கலைக்கூடம் 1946 முதல் 1982 வரை வெளியிட்ட ‘தெரியேர் ல மிருவார்’ இதழில் ஷகால், மீரோ, கால்டர் போன்றோர் செய்த அசல் கல்லச்சுகள் கையெழுத்தே இல்லாமல், நடுவில் மடிப்போடு வந்தன. கையெழுத்துள்ள ஒரு நகலின் விலைக்கு இவற்றில் சிலவற்றை வாங்கிவிடலாம்.

தகட்டின் ஆயுள்

சேகரிப்பாளர் அதிகம் படிக்க வேண்டிய பகுதி இதுவே. தகடு தேயும் பொருள். செம்பில் ஊசியால் நேரடியாகக் கீறும் டிரைபாயிண்ட் முறையில், கோட்டின் ஓரம் எழும் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு வெல்வெட் போன்ற கருமையைத் தருகிறது. அச்சு எந்திரத்தின் அழுத்தத்தில் பிசிறு நசுங்கிவிடுவதால், சில பத்துத் தாள்களுக்குள்ளேயே கருமை வெளிறத் தொடங்கும். ரெம்பிராண்டின் ‘மூன்று சிலுவைகள்’ (1653) இப்படிக் கீறிய தகடு. பின்னர் அவரே அதைச் சுரண்டி, ஆட்களை மாற்றி, இருளைக் கூட்டினார். முந்தைய நிலைப் பிரதியையும் பிந்தையதையும் அருகருகே வைத்தால் இரண்டு படைப்புகளாகவே தோன்றும்.

ரெம்பிராண்ட் 1669இல் இறந்த பிறகும் அவருடைய தகடுகளுக்கு ஓய்வில்லை. பாரிஸ் வணிகர் பாசான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ எண்பது தகடுகளை வாங்கித் தொகுப்பாக அச்சிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் 20ஆம் நூற்றாண்டுவரை தொடர்ந்தார்கள். தேய்ந்த கோடுகளை வேறு கைகள் திரும்பவும் கீறின. அவையும் ‘ரெம்பிராண்ட் அசல் எட்சிங்’ என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. தகடு ரெம்பிராண்டுடையது என்பதால் அது பொய்யில்லை. ஆனால் பார்வைக்குக் கிடைப்பது ஒரு நிழல்.

கோயாவின் ‘காப்ரிச்சோஸ்’ 80 தகடுகள் கொண்ட தொடர். 1799இல் விற்பனைக்கு வந்தது. 1803இல் அவர் தகடுகளை மன்னருக்குக் கொடுத்துவிட்டார். 1937 வரை மொத்தம் பன்னிரண்டு பதிப்புகள் வந்தன. கடைசிப் பதிப்புகளில் அக்வாடிண்ட் என்னும் பொடிச்சாயல் தேய்ந்து, இரவுக் காட்சி மங்கிய சாம்பலாகிவிட்டது. அவருடைய ‘போரின் பேரழிவுகள்’ தொடருக்கோ முதல் பதிப்பே 1863இல்தான், அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்தது. ஆகவே ‘மறைவுக்குப் பின் அச்சானது’ என்பதை மட்டும் வைத்து ஒரு தாளைத் தள்ளிவிடவும் முடியாது. அந்தந்தத் தகட்டின் வரலாறு தெரிய வேண்டும்.

மரக்கட்டையிலும் இதே கதை. ஆல்பிரெக்ட் டூரரின் ‘காண்டாமிருகம்’ (1515) பிற்காலப் பிரதிகளில், கட்டை பிளந்த வெடிப்பு விலங்கின் கால்களுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடாக ஓடுகிறது.

தொடங்க ஏற்றவை

இந்தியச் சேகரிப்பாளருக்கு உள்நாட்டிலேயே வளமான பரப்பு இருக்கிறது. ஹரேன் தாஸின் (1921–1993) வங்காளக் கிராமத்து மரச்செதுக்குகள் சிறியவை, நுணுக்கமானவை. சித்தூர்ப் பகுதியில் 1925இல் பிறந்த கிருஷ்ணா ரெட்டி, 1940களின் இறுதியில் சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்துவிட்டு ஐரோப்பா சென்றார். பாரிஸில் அச்சோவியர் ஹெய்ட்டரின் பட்டறையில், மையின் குழைவை எண்ணெயால் கூட்டியும் குறைத்தும் ஒரே தகட்டில் பல வண்ணம் ஏற்றும் முறையை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் அச்சோவியத்தையே தம் முதன்மை ஊடகமாகக் கொண்டவர். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் அச்சுப் பட்டறை இயங்குகிறது. தகட்டில் மை துடைப்பதை ஒருமுறை நேரில் பார்த்தவருக்குப் பாதிப் புத்தகங்கள் தேவைப்படாது.

ஜப்பானிய அச்சுகளை விரும்புவோர் ஹிரோஷி யோஷிதாவிடம் (1876–1950) தொடங்கலாம். அவருடைய 1931ஆம் ஆண்டு இந்தியத் தொடரில் தாஜ்மஹாலோடு மதுரைக் கோயிலும் உண்டு. தம் மேற்பார்வையில் அச்சான தாளின் ஓரத்தில் ‘ஜிசூரி’ என்ற முத்திரை இட்டார். அது இல்லாத பிரதிகள் பெரும்பாலும் அவருக்குப் பின் குடும்பத்தார் எடுத்தவை. விலையில் பெரிய இடைவெளி இருக்கும்.

தாளைப் பார்த்தல்

வாங்கும் முன் சட்டகத்திலிருந்து கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். மறுக்கும் வணிகரிடம் வாங்காமலிருப்பது நல்லது. பத்து மடங்கு உருப்பெருக்கியில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது ஆஃப்செட் நகல். செம்புத் தகட்டில் எடுத்ததானால் தாளில் தகட்டின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருக்கும், கோட்டின் மை விரலுக்கு மேடாகத் தட்டுப்படும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீர்க்குறி தெரியலாம். தாள் எந்தக் காலத்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி அரிது. ஓரம் வெட்டியிருப்பது பொதுவாகக் குறை. விஸ்லர் மட்டும் விலக்கு: அவரே தகட்டு விளிம்புவரை கத்தரித்து, தம் வண்ணத்துப்பூச்சிக் கையெழுத்துக்கு மட்டும் ஒரு சிறு நாக்கை விட்டுவைத்தார்.

பழுப்புப் புள்ளி, பழைய அட்டை பதித்த மஞ்சள் கட்டம், வெயிலில் வெளுத்த நீலம் ஆகியவை கடற்கரை ஊர்களில் சாதாரணம். புள்ளியைத் தேர்ந்த பாதுகாப்பாளர் கழுவி எடுக்க முடியும். வெளுத்த வண்ணம் திரும்பாது. லாமினேட் செய்த தாளை விட்டுவிடலாம்.

பின்புறத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய ஐரோப்பியத் தாள்களில் முந்தைய உடைமையாளரின் சிறு முத்திரை இருக்கும். எந்த முத்திரை யாருடையது என்பதை ஃப்ரிட்ஸ் லுக்ட் 1921இல் ஒரு பெருநூலாகத் தொகுத்தார். இப்போது அது இணையத்திலும் கிடைக்கிறது.