லொங்கா போடா: சுட்ட மிளகாயும் கொஞ்சம் சரித்திரமும்

வங்காளத்தில் மிளகாய்க்கு 'லொங்கா' என்று பெயர். பச்சை மிளகாய் 'காஞ்சா லொங்கா'. நெருப்பில் சுட்டது எதுவானாலும் 'போடா'. ஆகவே பெஹாலாவுக்குப் புதிதாக வரும் தமிழர்களே, பக்கத்து வீட்டு அம்மா "லொங்கா போடா" என்றால் கோபப்படாதீர்கள். விரட்டவில்லை, சுட்ட மிளகாய் வேண்டுமா என்று கேட்கிறார்!

குளிர்காலம் வந்தால் இங்கே பல மொட்டை மாடிகளில் கரி அடுப்பு ஏறிவிடும். ஒரு குண்டு கத்தரிக்காய், இரண்டு தக்காளி, நாலைந்து பச்சை மிளகாய், எல்லாம் தணலில். தோல் கருகியதும் உரித்து, உப்பு, வெங்காயம், பச்சைக் கடுகெண்ணெய் சேர்த்துப் பிசைந்தால் 'பேகுன் போடா'. தெருமுனையில் லிட்டி வண்டி வைத்திருக்கும் பீகார்காரர் ஏறக்குறைய இதையே 'சோக்கா' என்கிறார். நம் பாட்டிமார் கும்மட்டி அடுப்பில் கத்தரிக்காய் சுட்டுச் செய்த கொத்சுக்கு இதெல்லாம் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

இங்கேயே பிறந்த என் பெண் இதைச் சாப்பிட்டபடி கேட்டாள்: "அப்பா, இது அவங்க சாப்பாடா, நம்ம சாப்பாடா?" பள்ளியில் அவள் 'மெட்ராஸி'. லீவுக்கு ஊருக்குப் போனால் அத்தை, பெரியம்மா எல்லோருக்கும் 'கல்கத்தாக்காரி'. கேள்வி கத்தரிக்காயைப் பற்றி மட்டும் இல்லை என்று புரிந்தது. எனக்குத் தெரிந்தது கணக்கு பார்ப்பதுதான். அதனால் மிளகாயின் பேரேட்டைப் புரட்டினேன்.

முதல் பக்கம் அமெரிக்கக் கண்டம். 1492-ல் மிளகு தேடிக் கிளம்பிய கொலம்பஸுக்குக் கிடைத்தது மிளகாய். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தார். 1510-ல் கோவா போர்த்துகீசியர் கைக்குப் போனது. அவர்கள் கப்பல் வழியாகத்தான் மிளகாய் நம் நாட்டுக்குள் நுழைந்தது. 1590களில் அபுல் ஃபசல் எழுதி முடித்த அயினி அக்பரியில் அக்பர் அடுக்களையின் பட்டியல் உண்டு. அதில் காரத்துக்கு மிளகுதான், மிளகாய் இல்லை. அவ்வளவு தூரம் போவானேன்? இன்றைக்கும் பல வீடுகளில் திவசச் சமையலில் மிளகாய் கிடையாது, மிளகு மட்டும்தான். முன்னோருக்குத் தெரியாத காய் அது!

பெயர் வைத்த கதை இன்னும் ருசி. நாம் மிளகோடு 'காய்' சேர்த்து மிளகாய் என்றோம். கன்னடத்தில் மெணசினகாயி, அதே வழி. மலையாளத்தில் மிளகாயே 'முளகு' ஆகிவிட, பழைய மிளகு 'குருமுளகு' ஆனது. சிங்களத்தில் மிளகாய் 'மிரிஸ்'. மிளகு 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிரிஸ். வந்தவனுக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு உள்ளூர்க்காரன் அடைமொழி போட்டுக்கொண்டான்! கடல் தாண்டி வந்ததால்தான் வங்காளிகள் லங்கா என்றார்கள் என்று இங்கே சொல்வார்கள்.

ஹூக்ளியில் போர்த்துகீசியர் குடியேறியது 1580 வாக்கில். 1632-ல் ஷாஜஹான் படை அவர்களை விரட்டியது. இதே பெஹாலாவில் பரிஷாவின் சபர்ண ராய் சௌத்ரி குடும்பத்திடம் சுதானுதி, கோவிந்தபூர், கலிகாதா என்ற மூன்று கிராமங்களின் உரிமையை ஆங்கிலக் கம்பெனி 1,300 ரூபாய்க்கு வாங்கியது 1698-ல். ஆக, கல்கத்தா நகரத்தைவிட இந்திய மிளகாய்க்கு வயது அதிகம்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு நியூ மெக்ஸிகோ தெரிந்திருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் கடை வாசலில் இரும்புக் கம்பிவலை உருளையில் பச்சை மிளகாயைக் கொட்டி, கேஸ் நெருப்பில் சுழற்றிச் சுட்டு, மூட்டையாகத் தருவார்கள். அங்கே பயிராகும் நீள மிளகாய்களுக்கு முன்னோடியான 'நம்பர் 9' ரகத்தை 1921-ல் வெளியிட்ட ஃபேபியன் கார்சியா, சிறுவனாக மெக்ஸிகோவிலிருந்து வந்தவர். இன்று அது அந்த மாநிலத்தின் அடையாளம்.

இவ்வளவையும் பெண்ணிடம் சொல்லி, "இப்போ மிளகாய்கிட்ட யாராவது சொந்த ஊர் கேக்கறாங்களா?" என்றேன். "அதுக்கு நானூறு ஐந்நூறு வருஷம் ஆச்சேப்பா. எனக்கு அவ்வளவு நாள் இல்லையே" என்றாள். இதற்கு என் பேரேட்டில் பதில் இல்லை. ஆனால் தட்டை நீட்டி இன்னொரு மிளகாய் கேட்டாள்.

வீட்டில் சுட நினைப்பவர்களுக்கு: மிளகாயை நுனியில் கீறிவிட்டுச் சுடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே நீராவி சேர்ந்து வெடிக்கும். ஃபிளாட்டுக்குள் வேண்டாம், அந்தப் புகையில் மாடிப்படி முழுக்க இருமும். மாடியோ முற்றமோதான் சரி. சுட்டால் காரம் போய்விடாது. பச்சை வாடை போய், கருகிய மணமும் லேசான தித்திப்பும் வரும். குழந்தைகளுக்குப் பஜ்ஜி மிளகாய் போதும். தோலை உரித்து, கல் உப்பும் இரண்டு சொட்டுக் கடுகெண்ணெயும் விட்டு நசுக்கி, தயிர் சாதத்தோடு சாப்பிட்டுப் பாருங்கள். பழைய சோறு இருந்தால் இன்னும் விசேஷம். அதற்கும் இங்கே ஒரு பெயர் உண்டு: 'பாந்தா பாத்'.