புல்கட்டில் வந்த தீனி

காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் ஒரு வீட்டு முற்றம் வருகிறது. உலரப் போட்ட தானியத்தைக் கொத்த வரும் கோழியை விரட்ட, காவலிருக்கும் பெண் காதில் கிடந்த கனத்த குழையைக் கழற்றி வீசுகிறாள். அது சிறுவர்கள் ஓட்டும் முக்கால் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. சோழநாட்டின் செல்வச் செழிப்புக்குச் சான்றாகத்தான் எல்லோரும் இந்தக் காட்சியை எடுத்துக்காட்டுவார்கள். கோழியின் பக்கம் நின்று பார்த்தால் இது வேறொன்றுக்கும் சான்று. நெல் மலிந்த ஊரிலும் கோழிக்கு நெல் உரிமையில்லை. கையில் கிடைத்ததை எறிந்து விரட்டினார்கள். சிந்தியதும் சிதறியதும்தான் அதன் பங்கு. பிறகு எதைத் தின்று முட்டையிட்டது, எதைத் தின்று குஞ்சு வளர்ந்தது? பதில் களத்தில் இல்லை, வரப்பில் இருக்கிறது. தஞ்சைப் பகுதியின் வீட்டுக்கோழிக்குச் சதை பிடிக்க வைத்ததில் வயலின் பூச்சிக்கு, முக்கியமாக வெட்டுக்கிளிக்கு, பெரும் பங்கு உண்டு. அந்தத் தீனி நின்றதையும் நாட்டுக்கோழி குறைந்ததற்கான காரணங்களில் ஒன்றாக எண்ண வேண்டும் என்பது என் வாதம்.

வானம் பார்த்த சீமையில் கோழிக்குத் தீனி தேடித்தர ஆள் வேண்டியதில்லை. கொங்கு நாட்டுப் புன்செய்க் காட்டில் விடிந்ததும் திறந்துவிட்டால் போதும். எருக்குழியையும் வேலியோரத்தையும் கிளறி வயிற்றை நிரப்பிக்கொண்டு அடையும் நேரத்துக்குத் தானே வீடு வந்து சேரும். டெல்டாவில் அது முடியாது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் குறுவை, சம்பா, தாளடி என்று ஜூன் தொடங்கி தை, மாசி வரை எங்கும் நீரும் சேறும்தான். குடியிருப்பு மட்டும் நத்தத்து மேட்டில் தீவு மாதிரி நிற்கும். வாத்துக்கு இந்த நிலம் வாய்த்தது. அறுத்த வயலில் உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் மேய இன்றும் வாத்து மந்தைகள் வருகின்றன. கோழி சேற்றில் இறங்காது. அது இறங்கக்கூடிய நாற்றங்காலிலோ அதை விடமாட்டார்கள். முளைகட்டிய விதையைக் கோழி கிளறிவிட்டால் ஊர்ச்சண்டைதான். ஆகவே விதைப்பு நாளில் கோழிகள் பஞ்சாரத்துக்குள் கவிழ்க்கப்பட்டன, மற்ற நாளில் மேட்டைத் தாண்டாமல் சுற்றின. கோழி பூச்சியிடம் போக முடியாத ஊரில் பூச்சி கோழியிடம் வந்தாக வேண்டும். வெட்டுக்கிளி பிடித்துப் போடுவது இங்கே ஒரு வேலையாக ஆனதற்குக் காரணம் இந்தத் தண்ணீர்.

பூச்சி வந்த வழிகளில் பெரியது புல்கட்டு. மாட்டுக்கு வரப்புப் புல் அறுத்து, கட்டித் தலையில் சுமந்து வந்து கொட்டிலில் இறக்கி உதறினால், புல்லோடு வந்த பச்சைக் குஞ்சுக்கிளிகள் நாலு பக்கமும் தெறிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் தாய்க்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவரும். களை பறிக்கப் போன பெண்களின் மடி முடிச்சிலும் வந்தன. சிறுவர்கள் பிடித்தது விடியற்காலையில். குளிரில் வெட்டுக்கிளியின் உடம்பு விறைத்திருக்கும். பனியில் நனைந்த இறக்கை விரியாது. தாளோடு சேர்த்து அப்படியே வழித்து எடுக்கலாம். வெயில் ஏறிவிட்டால் நிழல் விழும் முன்பே தத்திவிடும். தத்துக்கிளி என்ற பெயர் சும்மா வரவில்லை. அதன் பின்னங்காலில் முள் வரிசையாக இருக்கும் என்பதால், சிறு குஞ்சுக்குக் காலைக் கிள்ளிவிட்டுப் போடுவார்கள். எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக உட்கார்ந்திருக்கும் வெட்டுக்கிளி இந்தக் கணக்கில் சேராது. எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடம்பில் தங்கிவிடும். கோடையில் வயல் காய்ந்து பச்சை இல்லாதபோது கரையான். உடைந்த பானையில் வைக்கோலும் காய்ந்த சாணமும் திணித்து, நீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறைய இருக்கும்.

இதை ஏழைகளின் சின்னச் சமாளிப்பு என்று ஒதுக்க முடியாது. நூறு கிராம் நொய்யில் புரதம் எட்டு கிராம் அளவில்தான் இருக்கும். தவிட்டில் சற்றுக் கூடுதல். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு முதல் இரண்டு மாதம் தீனியில் ஐந்தில் ஒரு பங்காவது புரதம் வேண்டும் என்கிறது இன்றைய கோழித் தீவனக் கணக்கு. வெட்டுக்கிளியின் காய்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். நொய் மட்டும் தின்னும் குஞ்சு இறகு முளைக்காமல் குன்றி நிற்கும். பூச்சி கிடைத்த குஞ்சு தேறும். காலமும் ஒத்துவந்தது. நெல்லின் பெரிய வெட்டுக்கிளி, ஹைரோகிளைபஸ் பேனியன், வரப்பு மண்ணுக்குள் முட்டைக் கூடு வைத்துவிட்டுச் சாகிறது. கோடை முழுவதும் முட்டை மண்ணில் கிடந்து, ஆனி ஆடி மழையோடும் ஆற்று நீரோடும் பொரிகிறது. கொசு அளவில் தொடங்கி, குறுவை கதிர் வாங்கும்போது விரல் நீளம் ஆகிறது. ஆடியில் பொரித்த கோழிக்குஞ்சுக்கு அதன் வாய்க்கு ஏற்ற அளவிலேயே தீனி வளர்ந்து வந்தது.

இந்தத் தீனி யாருடையது என்பதில்தான் வரலாறு இருக்கிறது. நிலம் மிராசுதாருடையது. பண்ணையாளின் குடிசை நின்ற மனையும் அவருடையதே. குடியிருப்புச் சட்டம் 1971இல் வந்த பிறகுதான் அந்த மனை குடியிருந்தவருக்குச் சொந்தமானது. கூலி படிக்கணக்கில் நெல்லாக அளக்கப்பட்டது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வரும்வரை அந்த அளவுக்குச் சட்டக் காப்பு இல்லை. அப்படிப்பட்ட குடும்பத்தில் பெண்ணுக்கென்று இருந்த மூலதனம் கோழிதான். ஒரு பெட்டையை வாரத்துக்கு வாங்கி அடைவைத்து, குஞ்சில் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். காய்ச்சலுக்கு ஒன்றை விற்கலாம், காளிக்கோ காத்தவராயனுக்கோ நேர்ந்துவிடலாம், மருமகன் வந்தால் அடிக்கலாம். உணவுக்கு அளந்த படி நெல்லைக் கோழிக்குப் போட்டால் பிள்ளை பட்டினி கிடக்கும். வரப்பின் பூச்சியை யாரும் அளக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. பயிரின் எதிரியைப் பிடித்துப் போகிறவளை மிராசுதார் ஏன் தடுக்கப்போகிறார்? பத்திரத்தில் ஏறாத இந்தப் பொதுச் சொத்துதான் நிலமில்லாதவளின் கோழிக்கு நிலம்.

எழுத்துச் சான்று எங்கே என்று கேட்பார்கள். ஹெமிங்வேயின் தஞ்சாவூர் கெசட்டியர் 1906இல் வந்தது. அதை எழுதவைத்த அரசின் கவலை நிலவரியும் பாசனமும். குஞ்சுக்குப் பூச்சி பொறுக்கிய பெண் வரி கட்டவில்லை. ஆனால் பூச்சி பற்றிய ஏடுகள் நமக்கு உதவுகின்றன. லெஸ்லி கோல்மன் 1911இல் மைசூரில் இந்த நெல் வெட்டுக்கிளி பற்றியே தனி அறிக்கை எழுதினார். 1914இல் வந்த பிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சி நூலிலும் அதற்கு இடமுண்டு. அன்றைய பரிகாரம் விஷமருந்து அல்ல, துணிவலை போட்டு வயலில் இழுத்து அள்ளுவதும் வரப்பைச் செதுக்கி முட்டையை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டுவதும்தான். அப்படியென்றால் அந்த வயல்களில் கையால் அள்ளும் அளவுக்கு வெட்டுக்கிளி இருந்தது. அள்ளியதைக் கோழிக்குப் போட்டாலும் கேடில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. திருக்குறளில் நாடு அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர், நாட்டுக்கு வரும் கேடுகளில் எலியோடு விட்டிலையும், அதாவது வெட்டுக்கிளியையும், வைக்கிறார். பயிரை அழிப்பதைத் தீனி என்று கொண்டாடலாமா, மருந்து வந்து அதை ஒழித்தது நல்லதுதானே என்பார்கள். கோழியும் சிறுவர்களும் சேர்ந்து வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு செம்பு நிறையப் பிடித்தால் ஒரு வேலி நிலம் பிழைத்துவிடாது. நான் சொல்வது சிறியது: ஒழித்தபோது பயிரின் எதிரி மட்டும் போகவில்லை, கோழியின் தீனியும் போனது, அந்த நஷ்டத்தை எந்தத் திட்டமும் கணக்கில் எடுக்கவில்லை. நெல்வயலின் சின்ன வெட்டுக்கிளியான ஆக்ஸியாவை ஜப்பானின் நாகானோ மலைநாட்டில் மனிதர்களே பிடித்துச் சோயாவிலும் சர்க்கரையிலும் வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பூச்சிமருந்து வந்ததும் அங்கேயும் அது அருகிப்போனது. அங்கே அது சமையல் என்பதால் அதன் குறைவை எழுதிவைத்தார்கள். இங்கே அது கோழித்தீனி.

இங்கே திருப்பம் 1960. தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் நாட்டில் முதலில் தொடங்கிய மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. சில ஆண்டுகளில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல் ரகம் குறுவைக்கு வந்தது. விளைச்சல் ஏறியது, பட்டினி குறைந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. கூடவே பூச்சிமருந்துகளான பி.எச்.சி. பொடியும் எண்டிரினும் வந்தன. பொடி பயிரோடு வரப்புப் புல்லிலும் படிந்தது. மருந்தடித்த வயலில் செத்து விழுந்த பூச்சியைக் கோழி தின்றால் என்ன ஆகும் என்று கிராமம் சீக்கிரமே தெரிந்துகொண்டது. பிடிக்கும் பழக்கத்தை நிறுத்த அந்தப் பயமே போதும். பி.எச்.சி.யைத் தடைசெய்ய 1997 ஆனது. அதற்குள் பிடிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை கடந்துவிட்டது. டிராக்டர் வந்து மாடு குறைந்ததும் புல்கட்டும் நின்றது.

கோழி செத்தது தீனி இல்லாமலா, நோயால் அல்லவா என்று கால்நடை மருத்துவர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. வெள்ளைக்கழிச்சல் ஒரு வாரத்தில் ஊர்க் கோழி மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகும். 1920களின் கடைசியில் ராணிக்கெட்டில் அடையாளம் கண்டு அந்த ஊரின் பெயரே சூட்டிய நோய் அது. ஆனால் வெள்ளைக்கழிச்சல் பூச்சிமருந்துக்கு முன்பும் இருந்தது; செத்த பிறகும் ஊர் மறுபடி கோழியால் நிரம்பியது. மீண்டும் நிரப்ப முடிந்ததற்குக் காரணம் குஞ்சை வளர்க்கச் செலவில்லை என்பது. இப்போது தடுப்பூசி இருக்கிறது, இலவசத் தீனி இல்லை. கடைத் தீவனம் வாங்கி வளர்த்தால் நாமக்கல் பண்ணை முட்டையின் விலையோடு போட்டி போட முடியாது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 12 கோடிக்கு மேல் கோழியினம் இருந்தது, மாநிலங்களில் முதலிடம். அதில் பெரும்பகுதி பண்ணைக் கோழி. அது வரப்பைப் பார்த்ததில்லை.

வெட்டுக்கிளி இன்னும் அழிந்துவிடவில்லை. மருந்தில்லாமல் பயிர் செய்யும் வயல்களின் வரப்பில் அது முட்டை வைக்கிறது. அழிந்துகொண்டிருப்பது பிடித்தவர்களின் நினைவு. பொடி மருந்து வருவதற்கு முன் புல்கட்டை உதறிய பெண்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். எந்தப் புல்லில் எந்தக் கிளி, எந்த மாதத்தில் பொரித்த குஞ்சு தேறும், எதைப் போட்டால் கோழி அடைக்கு உட்காரும் என்பதெல்லாம் அவர்களோடு இருக்கிறது. டெல்டாவில் பாட்டி உள்ள வீட்டுக்காரர்கள் இந்தக் குறுவை அறுப்பதற்குள் உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள்.