டெடி வெதர்போர்ட்: பேரரசின் நடனகூடங்களில் ஒரு கறுப்பின இசைஞர்

மேலைத்தேய இசை வரலாற்றில் 1935 முதல் 1945 வரையிலான பத்தாண்டுகள் ‘சுவிங்’ காலம் எனப்படும். பன்னிரண்டுக்கு மேற்பட்ட கலைஞரைக் கொண்ட பெரிய வாத்தியக்குழுக்கள் நடனத்துக்கேற்ற ஜாஸ் இசையை வழங்கிய காலம் அது. டியூக் எலிங்டன், கவுன்ட் பேசி, பெனி குட்மன் ஆகியோரின் பெயர்கள் அக்காலம் பற்றிய நூல்தோறும் இடம்பெறுகின்றன. ஆனால் அதே ஆண்டுகளில் ஷங்காய், பம்பாய், கொழும்பு, கல்கத்தா ஆகிய துறைமுக நகரங்களிற் குழு நடத்திய டெடி வெதர்போர்ட் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறார். குடியேற்ற ஆட்சிக்கால ஆசியாவின் சமூகச் சூழலில் வைத்து அவரது வாழ்க்கையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெதர்போர்ட் 1903 ஆம் ஆண்டு வேர்ஜீனியா மாநிலத்தின் பொக்கஹொன்டஸ் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரிற் பிறந்தார். இளமையில் நியூ ஓர்லியன்ஸ் நகரிற் பியானோ பயின்றபின், 1920களின் முற்பகுதியிற் சிக்காகோவை அடைந்தார். தென்மாநிலங்களின் இன ஒதுக்கலையும் வறுமையையும் விட்டு வடக்கு நோக்கிப் பெயர்ந்த கறுப்பின மக்கள் பெருந்தொகையாகக் குடியேறிய நகரம் அது. அங்கு வென்டோம் அரங்கில் மௌனத் திரைப்படங்களுக்கு இசை வழங்கிய எர்ஸ்கின் டேற்றின் குழுவில் அவர் இடம்பெற்றார். 1926 இல் லூயி ஆம்ஸ்ட்ரோங்குடன் ஒரே குழுவில் இசைத்தட்டுப் பதிவும் செய்தார்.

புகழ் கைகூடிவந்த அதே ஆண்டில் அவர் ஆசியாவுக்குக் கப்பலேறினார். இம்முடிவைத் தனிமனித விருப்பமாக மட்டும் கொள்ளலாகாது. நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற ‘கொட்டன் கிளப்’பிற் கறுப்பினத்தவர் மேடையில் ஆடிப் பாடலாம், பார்வையாளராக அமர முடியாது. அத்தகைய சமூகத்திலிருந்து வெளியேறியவருக்கு ஷங்காய் நகரம் கூடிய ஊதியத்தையும் மதிப்பையும் வழங்கிற்று. 1933 இல் அங்கு சென்ற கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அவரைச் சந்தித்துத் தம் தன்வரலாற்றிற் பதிவு செய்துள்ளார். 1934 இல் வெதர்போர்ட் அமெரிக்கா சென்று, பக் கிளேட்டனின் குழுவை ஷங்காயின் கனிட்ரோம் நடனகூடத்துக்கு அழைத்து வந்தார். எனினும் வெள்ளை அமெரிக்கர் ஒருவரோடு நேர்ந்த கைகலப்பின்பின் அக்குழு கனிட்ரோமில் வேலையிழந்தது. நிறத்தடை கடல் கடந்தும் பின்தொடர்ந்தது என்பதற்கு இது சான்றாகும்.

1937 இல் ஜப்பானியப் படையெடுப்பு ஷங்காயைச் சூழ்ந்தது. அதே ஆண்டிற் பாரிஸ் நகரில் தனிப் பியானோ இசைத்தட்டுகளைப் பதிவு செய்த வெதர்போர்ட், பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் குழு நடத்தினார். கொழும்பிலும் அவரது இசை ஒலித்தது. 1864 இல் தொடங்கப்பெற்ற கோல்பேஸ் ஹோட்டலே இங்கு அவருக்குக் களமாயிற்று. இலங்கை மக்கள் 1931 இலேயே சர்வசன வாக்குரிமை பெற்றுவிட்டனர். ஆயினும் ஐரோப்பியருக்கென்றே ஒதுக்கப்பட்ட கழகங்கள் கொழும்பில் நிலைத்திருந்தன. வாக்குரிமை பெற்ற மண்ணின் மைந்தர் நுழைய முடியாத மண்டபங்கள் இருந்த நகரில், தம் தாயகத்தில் ஒதுக்கப்பட்ட இனத்தவர் ஒருவர் ஆள்வோரின் மாலைப்பொழுதுக்கு இசை வழங்கினார் என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்க முரண்பாடாகும்.

போர்க்காலத்திற் கல்கத்தாவின் கிராண்ட் ஹோட்டல் அவரது இறுதிக் களமாயிற்று. ஆபிரிக்க அமெரிக்கர், ஆங்கிலோ இந்தியர், பர்மாவிலிருந்து வந்தோர், நேபாளியர் எனப் பல இனத்தவர் அவரோடு வாசித்தனர். பின்னாளிற் புகழ்பெற்ற ஜிம்மி விதர்ஸ்பூன், கப்பற் பணியாளராக அங்கு வந்தபோது அக்குழுவோடு பாடினார். அமெரிக்கப் படைகளுக்கான வானொலியும் அவ்விசையை ஒலிபரப்பிற்று. ஆனால் அதே நகரின் வீதிகளில் 1943 ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தால் மக்கள் மடிந்துகொண்டிருந்தனர். மாகாணம் முழுவதிலும் இறந்தோர் தொகை ஏறத்தாழ 30 இலட்சம் என மதிப்பிடப்படுகிறது. மண்டபத்தின் ஒளியையும் வீதியின் இருளையும் ஒருங்கே காணாத கலை வரலாறு முழுமையானதன்று. பஞ்சத்தின் பின்னும் கல்கத்தாவை விட்டகலாத வாந்திபேதி, 1945 ஏப்ரல் 25 ஆம் திகதி வெதர்போர்ட்டின் உயிரையும் கவர்ந்தது. அப்போது அவருக்கு வயது 41.

அவரது பணி வீண்போகவில்லை. ஆபிரிக்க அமெரிக்கக் கலைஞரோடு பம்பாய் ஹோட்டல்களில் வாசித்துப் பழகிய கோவா இசைஞர்களே பின்னர் இந்தித் திரையிசையின் வாத்திய அமைப்பை உருவாக்குவதிற் பெரும்பங்கு கொண்டனர். இலங்கை வானொலிவழி இந்நாட்டின் இல்லங்களை எட்டிய அப்பாடல்களின் பின்னணியில் அந்தப் பயிற்சியின் சாயலும் கலந்திருந்தது எனலாம்.

1963 இல் டியூக் எலிங்டன் தம் குழுவோடு இலங்கைக்கு வந்தார். அவரை அனுப்பியது அமெரிக்க அரசு. கறுப்பின மக்களுக்குச் சம உரிமை வழங்கும் சட்டம் அடுத்த ஆண்டிலேயே அங்கு நிறைவேறியது. எலிங்டனுக்கு ஓர் அரசின் ஆதரவு இருந்தது. வெதர்போர்ட்டுக்கு எந்த அரசும் இருக்கவில்லை. அமெரிக்க வரலாறு, நாட்டை விட்டு நீங்கியவரென அவரை மறந்தது; ஆசிய நாடுகளின் வரலாறுகளோ அந்நியரென அவரை விலக்கின. தேச எல்லைகளுக்குள் மட்டும் எழுதப்படும் வரலாறு, துறைமுகங்களுக்கிடையே வாழ்ந்தோரைக் காணத் தவறிவிடுகிறது. கப்பற் பயணப் பதிவுகள், பத்திரிகை விளம்பரங்கள், எஞ்சிய இசைத்தட்டுகள் என்பவற்றையும் ஆவணங்களாகக் கொண்டு, கொழும்பின் கலை வரலாற்றை அதன் துறைமுகத்தோடு இணைத்து எழுதும்போதே இத்தகையோர் தமக்குரிய இடத்தைப் பெறுவர்.