அதிமதுரம் தேறிய சோதனை

வயிற்றுப்புண்ணைத் தடுக்கும் மூலிகையைத் தேடியவர்கள் எலியை அளவுக்கு மீறி நம்பிவிட்டார்கள். 1945-ல் அமெரிக்காவில் ஹாரி ஷே வகுத்த முறையில், பட்டினி போட்ட எலியின் வயிற்றைத் திறந்து, இரைப்பை சிறுகுடலோடு சேரும் வாயை நூலால் கட்டிவிடுவார்கள். அமிலம் தேங்கி, ஒரு நாளுக்குள் புண் வந்துவிடும். மூலிகைச் சாறு குடித்த எலிக்குப் புண் குறைந்தால் அந்தச் சாறு தேறியது. ஆனால் அந்தப் புண் பெரும்பாலும் வருவது எலி இரைப்பையின் சுரப்பியற்ற முன்பகுதியில்; மனித இரைப்பையில் அப்படியொரு பகுதியே கிடையாது. மாதக்கணக்கில் ஆறாமல் வதைக்கும் மனிதப் புண்ணுக்கு இது போதிய சாட்சி ஆகாது.

அதிமதுரம் தேறியது மனிதரிடத்தில். 1946-ல் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ், அதன் சாற்றால் நோயாளிகளின் புண் ஆறுவதை எழுதினார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு உடல் வீங்கியதையும் மறைக்காமல் எழுதினார். எனக்கு இந்த இரண்டாவது குறிப்புதான் பெரிது. சாற்றிலுள்ள கிளிசரைசின் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். அதிலிருந்து பிரிட்டனில் கார்பெனாக்சலோன் என்ற மருந்து பிறந்தது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை நிறுவிய ரிச்சர்ட் டாலின் குழு, அது இரைப்பைப் புண்ணை ஆற்றுவதை 1962-ல் ஒப்பீட்டு ஆய்வில் காட்டியது. வீக்கம் மட்டும் அந்த மருந்தையும் விடவில்லை.

நூற்றாண்டுகளாக மக்கள் சாப்பிட்டுவரும் வேருக்கு எதற்கு ஆய்வு என்று சித்த மருத்துவத்தில் பற்றுள்ளவர்கள் கேட்கலாம். வலி தணிவதை அனுபவம் உடனே சொல்லிவிடும். சத்தமில்லாமல் ஏறும் ரத்த அழுத்தத்தையும் இறங்கும் பொட்டாசியத்தையும் அளந்து பார்த்தால்தான் தெரியும். 1982-ல் மார்ஷலும் வாரனும் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் கிருமியைக் கண்டபின் இந்த உழைப்பெல்லாம் வீண் என்பாரும் உண்டு. கிருமியைக் கொல்லும் மருந்து வந்தது உண்மையே. ஆனால் வலி மாத்திரைகளால் வரும் புண்ணுக்குக் கிருமி தேவையில்லை. அமிலத்தை அடக்குவதோடு இரைப்பையின் சளிப் படலத்தையும் வலுப்படுத்தலாம் என்ற எண்ணத்துக்கு உரமிட்டதும் கார்பெனாக்சலோன்தான். ஆகவே எலியோடு நின்ற ஆய்வை மருந்துக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் அதிமதுரம் சாப்பிடவும் வேண்டாம்.